கொண்டை ஆணி

குருன்னா தாடி இருக்கோணும்னு ஆரு சொன்னா? இந்தக் குருவுக்கு முப்பது வயசு, பேரு நசீமா, முன்னால ரெண்டு கம்ப்யூட்டர்; கட்டடம் தாங்குமான்னு அதுல பாக்கக் கத்துக்குடுக்கறா. தாடி சீடருக்குத்தான். அதுவும் நரைச்சது. சென்னியப்பன். இருபத்தஞ்சு வருசம் கோயமுத்தூர் ஆபீசுல உக்காந்து கட்டட வரைபடம் போட்ட ஆளு. இரும்பைத் தொட்டுப் பாத்ததில்லை.

அவரு மொதமொதல்ல செஞ்ச கம்ப்யூட்டர் மாடல், ஒரு கல்யாண மண்டபத்து மாடி. பந்தி நடக்கற தளம். கீழ இரும்பு உத்தரம், அதுமேல தகடு, தகட்டுமேல காங்கிரீட். இரும்பையும் காங்கிரீட்டையும் ஒண்ணாப் புடிச்சு வெக்கறது, தகட்டோட சேத்து உத்தரத்துமேல வரிசையா வெல்டு வெச்ச கொண்டை ஆணி.

ஸ்கிரீன் பூரா நீலம். நீலம்னா பத்திரம். சிவப்புன்னா சங்கு.

"பாருங்க அம்மணி, ஊட்டி வானமாட்டம்! கையெழுத்துப் போட்டறட்டுங்களா? நாளைக்குக் காங்கிரீட்."

நசீமா திரும்பிக்கூடப் பாக்கல. "இரும்பும் காங்கிரீட்டும் ஒட்டியிருக்குன்னு கம்ப்யூட்டருக்கு ஆருங்ணா சொன்னது?"

"நான்தானுங்க. ஒரே கிளிக்கு."

"ஆணிகிட்டக் கேட்டீங்களா?"

"ஆணி பேசுமுங்களா?"

குரு மேசைக்கு அடியில கைய உட்டா. வெளிய வந்தது சுத்தியல்.

"பக்கவாட்டுல ஒரு போடு போடுங்க. நல்ல ஆணி வளையும். விடாது."

மத்தியானம் சீடர் மண்டபத்துல இருந்து திரும்பி வந்தாரு. சட்டையெல்லாம் துரு, பாக்கெட்டுல மூணு ஆணி.

"பத்து அடிச்சனுங்க. ஏழு, புதுப்பொண்ணாட்டம் தலைய சாச்சுட்டு நின்னுச்சு. மூணு, மாம்பிஞ்சாட்டம் பொத்துனு உழுந்துருச்சு. மழைத்தண்ணி நின்ன தகட்டுலயே வெல்டு வெச்சிருக்கானுங்க."

உக்காந்தாரு. எல்லாம் ஒட்டியிருக்குன்னு போட்ட அந்த ஒரு கிளிக்கை எடுத்தாரு. ஆணி ஆணியா வெச்சு, பத்துக்கு மூணை உருவுனாரு. நடு மாடி, வெத்தலை போட்ட வாயாட்டம் செவந்து போச்சு.

அந்நேரம் பாத்து முதலாளி. அவரு வாயத் தொறக்கறதுக்கு முந்தி மூக்கு பேசும்.

"ங்ஙென்ன சென்னியப்பன், காலைல நீலம், இப்பச் செவப்பு? இது கம்ப்யூட்டரா, பச்சோந்தியா? நீலமாக்கிக் கையெழுத்துப் போடுங்க. லாரி சொல்லியாச்சு!"

சென்னியப்பன் எந்திரிச்சுக் கும்புட்டாரு. "காலைல பாக்காமச் சொல்லிட்டனுங்க சார். தப்பு என்னுதுதானுங்க சார்."

"அப்பப் போடுங்க."

"ஞாயித்துக்கெழமையும் வாரனுங்க சார். ஒவ்வொரு ஆணியா நானே அடிச்சுப் பாத்து, மாத்தறதுக்குக் குறி போட்டுத் தாரனுங்க சார்."

"கையெழுத்து?"

"அது மட்டும் ஆகாதுங்க சார்."

"ரிட்டயர் ஆக நாலு வருசம் இருக்கில்ல? இப்பவே வீட்டுக்குப் போறீங்களா?"

சென்னியப்பன் பேனாவ மூடுனாரு. பாக்கெட்டுல, அந்த மூணு ஆணிக்குப் பக்கத்துல சொருகுனாரு.

"போறனுங்க சார். நானூறு பேரு எலை போட்டு உக்காரற எடமுங்க."

முதலாளி மூக்கு ஒருக்கா சீறுச்சு. வாசல்ல நின்னு போன்ல லாரியத் திருப்பச் சொன்னாரு. "திங்கக்கெழமை ரூமுக்கு வாங்க, பேசிக்கறேன்"னுட்டுக் கதவை அறைஞ்சாரு.

சீடர் நசீமா பக்கம் திரும்புனாரு.

"எத்தனை ‘சார்’ போட்டேன் அம்மணி?"

"ஆறு."

"கும்புடு வேற. இப்படியா குனியறது? உங்க பேரையே கெடுத்துப்போட்டேன்."

நசீமா அவரு பாக்கெட்டுல இருந்து அந்த மூணு ஆணியையும் எடுத்து மேசைமேல வெச்சா. மூணும் நேரா நின்னுச்சு, ஒரு வளைவு இல்லாம.

"நீங்க வளைஞ்சீங்கதானுங்ணா," ன்னா. "விட்டீங்களா?"