கூரையில் இரண்டு ஓட்டை

"அம்மா, என் வீட்டுக்குள்ள மழை பெய்யுது" என்றார் வைரவன்.

செண்பகவல்லி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வீடு எங்க இருக்கு?"

"வெளிய நிக்குது. நாலு சக்கரத்துல."

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீரைத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார்.

தென்காசியைத் தாண்டி, மலை அடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில் அவர் இருந்தார். வருகிறவர்கள் வருவார்கள், உட்காருவார்கள், சிலர் தங்கள் கேள்வியைக் கேட்பார்கள், சிலர் கேட்காமலே போய்விடுவார்கள். அவருக்கு வயது நாற்பதுகூட இருக்காது. அறுபது தாண்டிய வைரவனுக்கு முதல் நாள் 'அம்மா' என்று கூப்பிட நாக்கு கூசியது. மறுநாள் அது தானாக வந்துவிட்டது.

வைரவன் ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுக்கச் சாவிக்கொத்தும் கையுமாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, மனைவி தெய்வானையோடு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். மனம் அடங்க வேண்டும். அதற்கு ஒரு குரு வேண்டும். அதுதான் பயணம்.

வந்த அன்றே செண்பகவல்லியிடம் சொல்லியிருந்தார்.

"எல்லாத்தையும் அடைச்சிட்டேன் அம்மா. பேப்பர் படிக்கிறதில்ல. போன் எடுக்கிறதில்ல. யாரோடயும் பேச்சு வச்சுக்கிறதில்ல. அப்படியும் எங்கிருந்தோ நெனப்பு உள்ள வந்துக்கிட்டே இருக்கு."

"சரி, உக்காருங்க" என்று மட்டும் சொன்னார் செண்பகவல்லி.

உட்கார்ந்தார். அதற்குள் சாரல் காலம் பிறந்துவிட்டது. தெய்வானையின் தலையணைக்கு நேர் மேலே கூரை சொட்டத் தொடங்கியது.

இப்போது அவள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வேன் படியில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானப் பஸ்ஸுக்கு மகள் வீட்டுக்குப் போவதாகத் தீர்மானம்.

"உங்க ஞானத்தோட நீங்க இருங்க. நான் காஞ்ச தலகாணியில படுத்து நாளாச்சு."

வைரவனுக்கு முகம் விழுந்துவிட்டது. போகாதே என்று சொல்ல வந்தவர், அதை விட்டுவிட்டுக் கதவை அகலத் திறந்துவிட்டார்.

செண்பகவல்லி வேனுக்குள் ஏறினார்.

"எங்க ஒழுகுது?"

வைரவன் தலையணைக்கு மேலே விரலைக் காட்டினார். "இங்கதான்."

"இங்க சொட்டுது. ஒழுகுறது எங்க?"

வைரவன் விழித்தார்.

"தெரியலம்மா. கூரையில கண்ட இடமெல்லாம் பசை போட்டு அடைச்சிட்டேன். ஒரு ட்யூப் காலி, இன்னொண்ணு பாதி தீந்தாச்சு. நிக்கல. உங்களுக்கு இது பத்தி ஏதாவது தெரியுமா?"

"வண்டி எனக்குத் தெரியாது. தண்ணியக் கேட்டுப் பாப்போம். இதக் கழட்டுங்க."

அவர் காட்டியது உள்கூரையை. வைரவன் தன் கையால் அறுத்து, இழைத்து, மெரூன் ரெக்சின் ஒட்டி முடுக்கிய ப்ளைவுட். பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் மெச்சுவார்கள்.

"இதையா?"

"கழட்டாம உள்ள எப்படித் தெரியும்?"

வைரவன் தெய்வானையைப் பார்த்தார். அவள் பையைப் படியில் வைத்துவிட்டு ஏறிவந்து, பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மறைகளைக் கழற்றினார். கழற்றக் கழற்ற ஈரவாடை இறங்கியது. ரெக்சினுக்குப் பின்னால் பலகை கறுத்துப் பூசணம் பூத்திருந்தது. அதற்கு மேலே தகரமும், நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டமும், பள்ளிக்கூட மஞ்சள் பெயிண்டும் அப்படியே இருந்தன.

"இவ்வளவு நாளும் இது தலைக்கு மேலயே இருந்திருக்கு" என்றாள் தெய்வானை.

வெளியே மழை விட்டிருந்தது. மலைமேல் வெயில் அடித்தது.

"ஹோஸ் பிடிச்சுக் கூரை மேல அடிக்கட்டுமா?" என்று கேட்டார் வைரவன்.

"முன்ன அடிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். எல்லா இடமும் ஒழுகுற மாதிரி இருந்துச்சு."

"அப்போ ஒரு சொம்பு போதும்."

தெய்வானை சொம்போடு ஏணியில் ஏறினாள். வைரவனும் செண்பகவல்லியும் உள்ளே கட்டிலில் மல்லாந்து, வெறும் தகரத்தைப் பார்த்தபடி படுத்தார்கள். கீழே இருந்து தொடங்க வேண்டும், ஒரு இடத்தில் ஒரு சொம்பு ஊற்ற வேண்டும், ஊற்றிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். செண்பகவல்லி சொன்னது அவ்வளவுதான்.

முதலில் ஜன்னல் ஓரம். தெய்வானை ஊற்றினாள்.

"வருதா?" மேலிருந்து குரல்.

"வரல."

"இப்ப?"

"வரல."

"இப்பவாவது?"

"வந்தாச் சொல்ல மாட்டேனா, இரு."

"இருக்கேன், இருக்கேன். இங்கிருந்து பாத்தா அருவி தெரியுது."

"வெள்ளமா?"

"சுமாரா விழுது. நீங்க பாக்கல, பாவம்."

பின் கண்ணாடியில் ஊற்றினாள். வரவில்லை. கூரையில் பதித்த காற்றாடி ஓரத்தில் ஊற்றினாள். அங்கும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் காத்திருக்க வேண்டியிருந்தது. தகரத்தை நடுவில் வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டார்கள். அருவியில் தொடங்கிய பேச்சு, கல்யாணமான புதிதில் குற்றாலத்துக்கு வந்து செருப்பைத் தொலைத்த கதைக்குப் போனது. கடைசியாக எப்போது இப்படிப் பேசினோம் என்று வைரவன் யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

பிறகு தெய்வானை முன்பக்கம் நகர்ந்து, கதவுக்கு மேலே, கூரை ஓரத்து வாய்க்காலில் ஊற்றினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

அப்புறம், தலையணையிலிருந்து வெகுதூரத்தில், கதவுப் பக்கத்துத் தகரத்தில் ஒரு முத்து திரண்டது. தயங்கியது. இரும்புச் சட்டத்தில் இறங்கி, அதன்மேலேயே ஊர்ந்து ஊர்ந்து வந்தது. வைரவன் எழுந்து, விரலை நீட்டி அதோடு கூடவே நடந்தார். ஜன்னலைத் தாண்டியது. அடுப்பைத் தாண்டியது. சட்டம் முடிகிற இடத்தில் நின்று, கனத்து, தலையணையில் சொட்டென்று விழுந்தது.

வைரவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திருடனைப் பிடித்தவர் போல இல்லை. விருந்தாளியை வாசலில் கண்டவர் போல இருந்தது அவர் முகம்.

"வந்துருச்சு தெய்வானை. கதவுக்கு மேல இருந்து வருது."

"இங்க தண்ணி தேங்கி நிக்குதுங்க. பழைய கேரியர் போல்ட் இருந்த ஓட்டை ஒண்ணு துருப்பிடிச்சுக் கெடக்கு. அதுக்குள்ள இறங்குது."

"ஏன் தேங்கணும்? தண்ணி கீழ போறதுக்குத்தானே அந்த வாய்க்கால்?"

"போறதுக்கும் ஒரு ஓட்டை இருந்திருக்கு. யாரோ வெள்ளையா எதையோ அப்பி அடைச்சிருக்காங்க."

வைரவன் கதவுவரை போய் அண்ணாந்து பார்த்தார்.

"கேக்குதா?" என்றாள் தெய்வானை.

"கேக்குது. நான்தான் அடைச்சேன்."

"எதுக்கு?"

"மொத மழையில நீ வண்டிய விட்டு இறங்கினப்ப, அதுல இருந்து தண்ணி ஊத்தி உன் கழுத்துல விழுந்துச்சு. நடுங்கிப் போயிட்ட. அன்னைக்கே அடைச்சேன்."

சொம்பைத் தகரத்தின்மேல் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லக் கேட்டாள்.

"எனக்காகவா?"

"பின்ன யாருக்காக?"

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"என்னத்தச் சொல்றது."

செண்பகவல்லி வெளியே வந்து, தெய்வானையிடம் கை நீட்டிக் கொண்டை ஊசி ஒன்றை வாங்கினார். திறந்து பாதி தீர்ந்திருந்த பசை ட்யூபை எடுத்தார். இரண்டையும் வைரவனின் இரண்டு கைகளில் வைத்தார்.

"ரெண்டு ஓட்டை இருக்கு" என்றார். "ரெண்டு சாமான் இருக்கு."

கீரை ஆயப் போய்விட்டார்.

வைரவன் வலது கையைப் பார்த்தார். இடது கையைப் பார்த்தார். ஏணியில் ஏறினார். தெய்வானை கீழே இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் கொண்டை ஊசி. அவர் பூசியிருந்த பசை நல்ல பசை, லேசில் விடவில்லை. குத்தினார், நெம்பினார், சுரண்டினார். ஒரு துண்டு பிய்ந்து வந்ததுதான் தாமதம், தேங்கியிருந்த தண்ணீர் முழுக்கக் கடகடவென்று படியில் கொட்டியது. தெய்வானை காலைத் தூக்கிக்கொண்டாள். படியிலிருந்த பை நனைந்தது.

அடுத்து போல்ட் ஓட்டை. துருவைத் தேய்த்து எடுத்தார். துணியால் ஒற்றினார். உடனே பசை போடக் கை துறுதுறுத்தது. போடவில்லை. வெயில் காயவைக்கட்டும் என்று கூரைமேலேயே உட்கார்ந்துவிட்டார். அருவி தெரிந்தது.

ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது.

"தெய்வானை, உன் பஸ் போகுது."

"போகட்டும். ஏணியப் பிடிச்சிட்டிருக்கேன்ல."

துவாரம் காய்ந்தது. பசையை வைத்து, விரலால் அழுத்தி, வழித்துவிட்டார். அது இறுகுகிறவரை வெயிலும் கூட நின்றது.

சாயங்காலம் மேகம் மலையை மூடியது. சாரல் இல்லை, மழையே பிடித்துக்கொண்டது. மூவரும் வேனுக்குள், உள்கூரை இல்லாத மஞ்சள் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்தார்கள். தகரம் அதிர்ந்தது. பேசினால் கேட்காது. வைரவன் சட்டத்தின் முனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. மறுபடி தடவிப் பார்த்தார். அப்போதும் காய்ந்துதான் இருந்தது.

கதவுக்கு வெளியே, திறந்துவிட்ட ஓட்டையிலிருந்து தண்ணீர் வளைந்து விழுந்தது.

வந்த காரியம் அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. கூரையைப் பார்த்தபடியே, மழைக்கு மேலாகக் குரலை உயர்த்தினார்.

"அம்மா, நான் கேக்க வந்தது வேறம்மா. மனசு இருக்கே, அத எப்படி அடைக்கிறது?"

திரும்பினார். பக்கத்தில் யாரும் இல்லை.

செண்பகவல்லி வெளியே நின்றார். முடியை அவிழ்த்துவிட்டு, கதவோரம் விழும் தண்ணீருக்கு நேர் கீழே நின்றார். அவருக்குப் பக்கத்தில் தெய்வானை, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கழுத்தை வாகாகக் கொடுத்து, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கேள்வி..." என்றார் வைரவன்.

"இடம் இருக்கு ஐயா" என்றார் செண்பகவல்லி. "வாங்க."

வைரவன் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் இறங்கினார்.