பொட்டு வச்ச பெட்ரோல் டின்

ஒரு ஊர்ல ஒரு காரு இருந்துச்சாம். ராஜா இல்லடா கண்ணு, காருதான். ராஜா கதைய நேத்தே சொல்லியாச்சு. ஆனா நடுநடுவுல நீ 'ம்' போடணும், தெரிஞ்சுதா? ம்-தான் கதைக்குப் பெட்ரோல். அது நின்னா கதையும் நின்னுடும். எங்க, ஒரு ம் போடு.

ம். அப்படித்தான்.

ஆத்தங்கரை ஊரு அது. காருக்குச் சொந்தக்காரர் பேரு ஆவுடையப்பன். அவரோட அப்பா வாங்கின சீமைக் காரு, பச்சைக் கலரு, மூக்கு நீளம். அந்த அப்பா ஒரு நாள் டேங்க் நிறையப் பெட்ரோல் ஊத்திக் கொண்டாந்து கொட்டகையில விட்டாராம். அப்புறம் போய்ச் சேந்துட்டாராம். அன்னையிலருந்து காரு நகரவே இல்ல.

ஏன் நகரல? பெட்ரோல் தீந்துடுமே. "அந்தக் காலத்துப் பெட்ரோலு, அசலு. பழைய அரிசிதான் சோறு நல்லாக் காணும், பழைய புளிதான் குழம்புக்கு ருசி. பெட்ரோலும் அப்படித்தான், ஆக ஆக வீரியம் ஏறும்"னு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லுவாரு. கேக்குறவனும் தலைய ஆட்டுவான். காப்பி குடிச்சிட்டு இருக்கிறவன் வேற என்ன செய்வான்?

ஆயுத பூஜை வந்தாப் போதும், காருக்குச் சந்தனம், குங்குமம், ஆளு உசரத்துக்கு மாலை. சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம் வைப்பாரு. வச்சா வண்டிய ஏத்தி நசுக்கணும்ல? அதான் கிடையாது. பழம் அங்கேயே காஞ்சு சுக்காக் கிடக்கும். அடுத்த வருஷம் அதுக்குப் பக்கத்துல புதுப் பழம்.

ம் எங்க? ஆங்.

அவர் பொஞ்சாதி பிச்சம்மா. கல்யாணத்தன்னிக்கு மாமியார் வீட்டுக்கு வரும்போதே, "உன்னப் பொறந்த வீட்டுக்கு இந்தக் கார்லதான் கூட்டிட்டுப் போவேன்"னு சொன்னாரு. அப்புறம் ஒவ்வொரு தடவையும், "இவ்வளவு ஒசந்த பெட்ரோல இதுக்கா செலவு பண்றது"ன்னு பஸ் ஏத்தி விட்டுருவாரு. அவ அம்மா வாசல்ல நின்னு, "காரு வரலையாடி?"ன்னு கேப்பா. பிச்சம்மா, "அடுத்த தடவைம்மா"ம்பா. கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு வயசாகி, கண்ணுல புரை விழுந்து போச்சு.

இப்போ அவ தம்பி புது வீடு கட்டிப் பால் காய்ச்சுறான். பிச்சம்மாவுக்கு மனசு ஆறல. அம்மாவுக்குக் கொஞ்சமாச்சும் பார்வை இருக்கும்போதே அந்தக் கார்ல போய் எறங்கிடணும், இல்லன்னா இந்த ஜென்மத்துல இல்ல. "ஏங்க, இந்தத் தடவை பஸ்னா நான் போகல"ன்னு சொல்லிட்டா. மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் பொண்டாட்டி போகலன்னா ஊரு என்ன பேசும்? அவரு சரின்னுட்டாரு.

மொத நாள் நல்ல நேரம் பாத்து, தேங்கா ஒடச்சு, முன்னாடி கைப்பிடிய மாட்டிச் சுத்தினாரு. கர்ர்ர்... கர்ர்ர்... கர்ர்... டொக். கைப்பிடி திருப்பி ஒரு உதை விட்டுச்சு. ஆவுடையப்பன் தொப்புனு உக்காந்தாரு. "பாத்தியா வீரியத்த?"ன்னாரு.

அப்புறம் மெக்கானிக் மீரான் வந்தான். புது பேட்டரி போட்டான், பிளக்கத் தொடச்சான். கிர்ர்ர் கிர்ர்ர் கிர்ர்ர்... டப். ஒண்ணுமில்ல. டேங்க் மூடியத் திறந்து பாத்தான், மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். "அண்ணாச்சி, பெட்ரோல் செத்துப்போச்சு. கீழ ஊத்திட்டு டேங்க்கக் கழுவணும்."

"எங்கப்பா ஊத்துன பெட்ரோலையா செத்துப்போச்சுங்குற?"

பிச்சம்மா குனிஞ்சு மோந்து பாத்தா. "ஏங்க, காறிப்போன எண்ணெய் நாத்தம் அடிக்குதே."

"அது நாத்தம் இல்ல. அசல் வாசனை. உங்களுக்கெல்லாம் கலப்படத்த மோந்து மோந்து மூக்கு கெட்டுப்போச்சு."

தூங்கிட்டியா? ம். சரி.

அப்புறம் மூணாவதா, தள்ளிப் பாக்குறதுன்னு முடிவாச்சு. தெருவே திரண்டு வந்துச்சு. ஏலேலோ... ஐலசா... ஏலேலோ... ஐலசா. காஞ்ச எலுமிச்சம்பழமெல்லாம் நறுக் நறுக்குனு நொறுங்கிச்சு. காரு தேர் மாதிரி அசைஞ்சு தெருவுல இறங்குச்சு. உள்ள ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு ஆவுடையப்பன், ரெண்டு பக்கமும் பாத்து கைய ஆட்டினாரு பாரு, அத நீ பாக்கணும். பின்னாடி தள்றவன் நாக்கு வெளிய தள்ளுது. "அப்பா காலத்துல கூட இப்படி வழுக்கிக்கிட்டுப் போகல"ங்குறாரு. தெருவச் சுத்தி வந்து கொட்டகையிலயே விட்டுட்டு, எல்லாரும் காப்பி குடிச்சிட்டுப் போனாங்க. காரு ஒரு தும்மல்கூட போடல.

பால் காய்ச்சுறது மறுநாள். பிச்சம்மாவுக்கு அழுகையா வந்துச்சு. அழுதுக்கிட்டே யோசிச்சா. இவர்கிட்ட அது கெட்டுப்போச்சுன்னு சொன்னா ஆகாது. மூக்கத் தொடச்சிட்டுப் போய்ச் சொன்னா, "ஏங்க, மாமா ஊத்துன பெட்ரோலு. துருப்பிடிச்ச டேங்க்குல கிடக்குதே, அதுக்கு மரியாதையா? நல்ல டின்னா வாங்கிப் பத்திரமா எடுத்து வைங்களேன். காருக்கு இந்தக் காலத்துச் சாதாரணப் பெட்ரோல் போதும், அதோட தகுதிக்கு."

ஆவுடையப்பன் அசந்து போயிட்டாரு. "இத்தன வருஷத்துல நீ ஒருத்திதான் அதோட அருமை தெரிஞ்சு பேசுற"ன்னாரு.

மீரான் வந்து எறக்கினான். அரக்கு மாதிரி, பிசுபிசுன்னு, கொழகொழன்னு எறங்குச்சு. டேங்க்கக் கழுவி, கார்புரேட்டரப் பிரிச்சு அழுக்கெடுத்து, புதுசு ஊத்திச் சாவியத் திருகினான். கிர்ர்... கிர்ர்... டுர்ர்ர்ர்ர்! கொட்டகையில இருந்த கோழியெல்லாம் கூரைமேல ஏறிடுச்சு.

ஆவுடையப்பன் வண்டிய ஒரு சுத்து பாத்துட்டு, "ஓடுது. போதும், அணைச்சிடு. இந்தப் பெட்ரோலும் கொஞ்சம் பழசாகட்டும், வீரியம் ஏறட்டும்"னாரு.

பிச்சம்மா பழத்தட்ட மடியில வச்சிக்கிட்டு உள்ள உக்காந்திருந்தா. "நான் ஏறியாச்சுங்க. இனிமே எங்கம்மா வீட்டுலதான் எறங்குவேன்."

அப்புறம் என்ன, ஓட்டினாரு. தம்பி வீட்டு வாசல்ல டுர்ர்ருனு நின்னதும் அம்மா தடவித் தடவி வந்து காரோட மூக்கத் தொட்டா, மக கையப் புடிச்சா. கண்ணு கலங்கிச்சு. அப்புறம் மெதுவாச் சொன்னா, "இதுக்கா இத்தன வருஷம்? பஸ்ஸே தேவலையேடி, இந்தச் சத்தம் போடாது." பிச்சம்மா சிரிச்ச சிரிப்புல பழத்தட்டே கவுந்து போச்சு.

இப்பவும் ஆயுத பூஜைக்கு ஆவுடையப்பன் அந்த டின்னுக்குத்தான் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போடுறாரு. விளக்கு மட்டும் பக்கத்துல கிடையாது. வீரியத்துல வெடிச்சிடுமாம். காரு? அது வீட்டுல எங்க நிக்குது? பிச்சம்மா சந்தைக்கும் கோயிலுக்கும் அதுலதான் போறா.

ம்?

ம் வரல. பெட்ரோல் தீந்துபோச்சு. கதைய இங்கனயே நிறுத்தியாச்சு, தூங்கு கண்ணு.