செத்த மெஷினை எழுப்பும் ஃப்ளாப்பி

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் ஜாதகக் கடை வைத்திருந்த செண்பகவல்லியின் மெஷின் அன்று காலை மக்கர் பண்ணியது. மெஷினைப் போட்டால், ‘சிஸ்டம் இல்லை, வேறு டிஸ்க் போடு’ என்று கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஒரே வரி. அதற்கு மேல் அசையவில்லை. எதிரே பெண்ணைப் பெற்ற சுடலைமாடன் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் மதிய பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள் பொருத்தக் காகிதம் கைக்கு வராவிட்டால் சம்பந்தம் போச்சு.

முந்தின நாள் வைரஸ் பார்க்கிறேன் என்று வந்து நோண்டிவிட்டுப் போன தவசிமுத்துவையே மறுபடி கூப்பிட்டிருந்தாள். வேறு ஆள் ஊரில் இல்லை. மனுஷன் வாயாலேயே வடை சுட்டு ஒரு தெருவுக்குப் பந்தி போடுவார்.

“பயப்படாத தங்கச்சி. எங்கிட்ட ஒரு ஃப்ளாப்பி இருக்கு. சாத்தூர் மில்லுல ஒரு மெஷின் மூணு வருசமாச் செத்துக் கெடந்துச்சு. உள்ள கூடப் போடல, வாசல்ல நின்னு காட்டுனேன். எந்திரிச்சிருச்சு.”

“மெஷினா, வாட்ச்மேனா?” என்றார் சுடலைமாடன்.

“கேளுங்க அண்ணாச்சி. தூத்துக்குடியில ஒரு ஆபீஸ். ஹார்டு டிஸ்கையே எலி தின்னுருச்சு. எலியப் பிடிச்சு, பக்கத்துல ஃப்ளாப்பிய வச்சேன். தின்ன கணக்குப் பூரா பிரிண்டர்ல வந்துருச்சு. எலி கையெழுத்துப் போடாததுதான் பாக்கி.”

“மெஷினைப் பாருங்க அண்ணாச்சி” என்றாள் செண்பகவல்லி. எரிச்சல் தலைக்கேறியது. கேட்கிறவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடியுமாம்.

“பாக்கத்தான போறேன். விளாத்திகுளத்துல ஒருநா ஊரே கரண்ட் இல்லாமக் கெடந்துச்சு. ஃப்ளாப்பியப் போட்டேன். மெஷின் ஓடுனதோட விடல, மிச்சக் கரண்ட்ட டிரான்ஸ்பார்மருக்கு அனுப்பிருச்சு. இன்னைக்கும் அங்க பாதித் தெருவுக்கு அதுதான் வெளக்கு.”

“அதை எடுய்யா, பாப்போம்” என்றார் சுடலைமாடன்.

தவசிமுத்து பையில் கையை விட்டார். துழாவினார். பையையே கவிழ்த்துப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

“சிங்கப்பூர்க்காரன் ஒருத்தன் ரொம்ப நாளா அது மேல கண்ணு வச்சிருந்தான். அடிச்சிட்டான்.”

செண்பகவல்லி குனிந்து மெஷினின் முகப்பில் இருந்த பொத்தானை அமுக்கினாள். ஃப்ளாப்பி ஒன்று வெளியே துருத்தியது. மேலே பேனாவில் ‘தவசிமுத்து’ என்று எழுதியிருந்தது. நேற்றுப் போட்டவர் எடுக்க மறந்திருக்கிறார். காலையிலிருந்து மெஷின் அந்த வெறும் ஃப்ளாப்பிக்குள் சிஸ்டத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. மறுபடி ஆன் செய்ததும் ஜாதகப் பக்கம் சமர்த்தாக வந்து நின்றது. பிரிண்டர் கறகறவென்று பொருத்தத்தை அடிக்கத் தொடங்க, சுடலைமாடனுக்குப் போன உயிர் திரும்பியது.

“பாத்தியா தங்கச்சி, கையில எடுத்ததுமே எந்திரிச்சிருச்சு” என்றார் தவசிமுத்து, கொஞ்சமும் கூசாமல்.

செண்பகவல்லி ஃப்ளாப்பியை அவர் பையில் போட்டு, பையை அவர் கையில் கொடுத்தாள்.

“நெசந்தான் அண்ணாச்சி. அது வெளிய வந்ததுக்கே இப்படி ஓடுது. நீங்களும் வெளிய போனீங்கன்னா இன்னும் நல்லா ஓடும்.”