கொம்பில்லாத செம்பி ஓடிய ஓட்டம்

ஏரிக்கரைப் புல்வெளியில் வெளிமான்கள் கூட்டமாக வாழ்ந்தன. கோடை பிறந்ததும் ஏரியைச் சுற்றி ஓட்டப்பந்தயம் நடக்கும். பந்தயத்தை நடத்தும் நாரை, ஓடுகிற மானின் கொம்பில் ஒரு கொடியைச் சுற்றிவிடும். அதுதான் பந்தய அடையாளம். பெண்மானுக்குத்தான் கொம்பே கிடையாதே! அதனால் காலங்காலமாகப் பெண்மான்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தன.

செம்பி என்ற பெண்மானுக்கு இது பொறுக்கவில்லை. 'ஓநாய் துரத்தினால் மட்டும் நாங்களும் ஓடலாமாக்கும்!' என்று பொருமிக்கொண்டே இருந்தது. அந்த ஆண்டு விறுவிறுவென்று நாரையின் முன்னால் போய் நின்றது.

"எனக்கும் கொடி கட்டுங்க. நானும் ஓடுறேன்!"

"எதிலே கட்டுறதாம்? கொம்பைக் காணோமே!" என்றது நாரை.

"கழுத்திலே கட்டுங்க. ஓடப்போறது கால்தானே!"

நாரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் முறுக்கன் என்ற ஆண்மான் சீறிக்கொண்டு வந்தது.

"பாதி தூரம் போறதுக்குள்ளே உனக்கு நெஞ்சு அடைச்சிடும். பேசாம ஓரமா நில்லு!"

"அடைச்சா என் நெஞ்சுதானே? உனக்கென்ன வந்தது?"

"சரி, ஓடு! ஆனா நடுவிலே நின்னுட்டா, இனிமே எந்தப் பெண்மானும் பந்தயத்துப் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாது!"

மற்ற பெண்மான்கள் வெலவெலத்துப் போயின. செம்பிக்கும் பயம்தான். இருந்தாலும் கொடி கட்டக் கழுத்தை நீட்டியது.

நாரை குரல் கொடுத்ததும் எல்லா மான்களும் பாய்ந்தன. செம்பி அவசரப்படவில்லை. மூச்சை அடக்கி நிதானமாக ஓடியது. பாதி ஏரி தாண்டியும் அது நிற்கவே இல்லை. பக்கத்தில் ஓடிய முறுக்கனுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. தன் கூட்டாளி கரியனைக் கூப்பிட்டது.

"டேய் கரியா! நீ அந்தப் பக்கம் வா, நான் இந்தப் பக்கம் வர்றேன். முட்டித் தள்ளிடலாம்!"

இரண்டும் தலையைக் குனிந்துகொண்டு இருபுறமிருந்தும் பாய்ந்து வந்தன. தலையைக் குனிந்தால் எதிரே இருப்பது எப்படித் தெரியும்? செம்பி காலடிச் சத்தத்தைக் கேட்டதும் எம்பி ஒரே துள்ளாகத் துள்ளியது. டமார்! முறுக்கனின் கொம்பும் கரியனின் கொம்பும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டன.

"விடுடா!"

"முதல்லே நீ விடுடா!"

இரண்டும் சேற்றில் கட்டிப் புரண்டன. செம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால் கனத்தது, நாக்கு வறண்டது. 'நான் நின்னா எல்லாருக்கும் போச்சே!' என்று ஓடியது. எல்லைக் கல்லைத் தொட்டபோது அதற்கு முன்னே சில மான்கள் வந்து சேர்ந்திருந்தன. அதனால் என்ன? பெண்மான்கள் ஓடிவந்து அதன் முகத்தை நக்கின. செம்பி சந்தோஷத்தில் அழுதேவிட்டது.

பிறகு நாரை போய்க் கொம்புகளைப் பிரித்துவிட்டது. முறுக்கன் சேற்றை உதறிக்கொண்டு கத்தியது.

"இது செல்லாது! மறுபடியும் பந்தயம் வைங்க!"

"அடுத்த கோடையிலே வைப்போம். செம்பி ஓடி முடிச்சிட்டா. நடுவிலே நின்னது நீதானப்பா!" என்றது நாரை.

அடுத்தவரை ஓடவிடாமல் தடுக்கப் போகிறவர், கடைசியில் தம் ஓட்டத்தைத்தான் கோட்டை விடுவார்.