காக்காயா, குயிலா?

மாசி வெயில் ஏறிய ஒரு காலையில், ஒரு வீட்டு மொட்டை மாடியில் வேட்டி விரித்து வடாம் காயப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் காக்காயை மிரட்ட ஒரு கறுப்புக் குடை. கறுப்பைக் காட்டிக் கறுப்பை விரட்டும் அந்த வேலை குடைக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கைப்பிடிச் சுவரோரம் காவலுக்கு ஓர் உண்டிவில். மூலையில் பறவைகள் குடிக்கவென்று மண்சட்டியில் தண்ணீர்.

பத்து மணி வாக்கில் கறுப்பாக ஒரு பறவை வந்து சட்டியின் விளிம்பில் உட்கார்ந்தது. உண்டிவில் ஒரே ஒரு கல்தான் விட்டது. விழுந்த பறவை அப்புறம் எழுந்திருக்கவில்லை.

மாடியே கூடிவிட்டது. அங்கே பெரியவர் தண்ணீர்த் தொட்டிதான். விசாரணையை அவர் ஆரம்பித்தார்.

"அலகுல என்னமோ வச்சிருந்துச்சுங்க. என்னைக் கொத்தத்தான் வந்துச்சு. நான் முந்தலைன்னா என் கதை முடிஞ்சிருக்கும்" என்றது உண்டிவில்.

"அது பன்னுத் துண்டுங்க" என்றது மண்சட்டி. "நனைச்சுத் தின்ன வந்துச்சு. இதோ, எனக்குள்ள மிதக்குது பாருங்க."

"எங்க பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை" என்றது வடாம்.

மேலே கட்டியிருந்த துணிக்கொடி திடீரென்று பதறியது. "ஐயையோ, இது குயிலா இருந்தா? விடியக்காலம் கூவுமே, அதுவா?"

அவ்வளவுதான். எல்லோரும் "அடப்பாவி, குயிலைக் கொன்னுட்டியே!" என்று உண்டிவில்லின் மேல் பாய்ந்தார்கள். அதன் ரப்பர் வெடவெடத்தது. கேட்க நாலு பேர் இருக்கிறார்களே என்று குடைக்கு நிம்மதியாக இருந்தது.

துணிக்கொடி தாழ்ந்து உற்றுப் பார்த்தது. "குயிலுன்னா கண்ணு சிவப்பா இருக்கணுமே. இது கறுத்த கண்ணு. வெறும் காக்காங்க."

"அப்பாடா!" என்றார் தொட்டி. "காக்காதானா? வயித்துல பாலை வார்த்தே. போய் அவங்கவங்க வேலையைப் பாருங்க."

குடைக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, கல்லு அதே கல்லுதானே? பன்னும் அதே பன்னுதானே? இப்ப என்ன மாறிடுச்சு?"

 உண்டிவில் மெல்லத் திரும்பி, குடையை மேலும் கீழும் பார்த்தது.

"நீயும் கறுப்புதானே? காத்துல ரொம்பப் படபடக்காதே. எனக்குப் பயமா இருக்கும்."

தெருவோரத்து வேப்பமரம் அசைந்தது. காற்று இந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது. குடை தன் கம்பிகளையெல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.