கடல் வரும் நாள்

நாகைக்குத் தெற்கே, கடலை ஒட்டி ஒரு சிறிய மடம் இருந்தது. அதன் தலைவர் பூரணலிங்க அடிகள். அவருடைய சீடர்களில் மங்கையர்க்கரசி அம்மாள் அவரைவிட வயதில் மூத்தவர். பூமி எவ்வளவு சூடாகிறது, கடல் எவ்வளவு உயர்கிறது என்று சென்னையில் ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்றவர்.

அன்று காலை வழிபாடு முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். மங்கையர்க்கரசி மட்டும் எழவில்லை.

"என்னம்மா?" என்றார் அடிகள்.

"குப்பத்துச் செல்லக்கிளியோட பொண்ணு போயிட்டா, சாமி."

அடிகளுக்கும் தெரியும். போன வாரப் புயலில் மீனவர் குப்பத்துக்குள் கடல் புகுந்தது. செல்லக்கிளி தன் மகளுக்குக் கட்டிக்கொடுத்த வீடு இடிந்து விழுந்தது. மகள் உள்ளே இருந்தாள்.

"அந்த வீட்டைக் கட்டறதுக்கு முன்னாடி செல்லக்கிளி எங்கிட்ட வந்து கேட்டா. பூமி சூடாகுது, அது நிச்சயம்னு சொன்னேன். நாம எரிக்கிற நிலக்கரியும் எண்ணெயும்தான் காரணம், அதுவும் நிச்சயம். கடல் ஏறிக்கிட்டே வருது, இங்க கட்டாதேன்னேன். எப்ப வரும்னு கேட்டா. துருவத்துல பனி என்ன வேகத்துல உருகும்னு யாருக்கும் சரியாத் தெரியாது, அதனால வருஷம் சொல்ல முடியாதுன்னேன்."

"அதுக்கு?"

"'அப்ப உங்களுக்கே தெரியாது'ன்னு சிரிச்சா. மறுவாரம் செங்கல் இறக்கிட்டாங்க."

அடிகள் அவர் எதிரே உட்கார்ந்தார்.

"இந்தப் புயல் சூட்டாலதான் வந்துச்சான்னு கேட்டா, அதையும் என்னால உறுதியாச் சொல்ல முடியாது. புயல் முன்னாடியும் வந்திருக்கு. கடல் உயர்ந்திருந்ததால தண்ணி இன்னும் கொஞ்சம் உள்ள வந்துச்சு. அவ்வளவுதான் சொல்லலாம். துக்கம் கேக்கப் போனேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நீங்க என்னம்மா செய்வீங்க, உங்களுக்கே தெரியலையே'ன்னு எனக்கு ஆறுதல் சொல்றா, சாமி."

கடல் இருந்த பக்கம் கையை நீட்டினார்.

"தெரிஞ்சது அவ்வளவு இருக்கு. தெரியாதது அதுல ஒரு ஓரம். குப்பத்து ஜனமும் சரி, கோட்டையில ஆட்சி பண்றவங்களும் சரி, எல்லாரும் அந்த ஓரத்தையே பிடிச்சுக்கறாங்க. ஏன்? பத்து வருஷத்துல வந்துரும்னு நான் பொய் சொல்லியிருக்கணுமா?"

அடிகள் எழுந்தார்.

"வாங்க, அப்படியே நடந்துட்டு வருவோம்."

மடத்துக்குப் பின்னால், சவுக்குத் தோப்பைத் தாண்டி ஒரு மனை. அங்கே அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டிக் கம்பி கட்டியிருந்தார்கள். பெற்றோரை இழந்த மீனவப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி. ஊர் ஊராகப் போய்க் கேட்டு, அடிகள் இப்போதுதான் இந்த அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை மேஸ்திரி மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்.

பள்ளத்தின் விளிம்பில் நின்று அடிகள் கேட்டார்.

"இங்க கடல் வருமா?"

மங்கையர்க்கரசி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"வரும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"எப்ப?"

மங்கையர்க்கரசி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதுல தங்கப்போற பிள்ளைங்க காலத்துலயே வரலாம். அவங்களோட பேரப்பிள்ளைங்க காலத்துல வரலாம். தெரியாது, சாமி."

அடிகள் அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சு மெல்ல வெளியே வந்தது. இறுகியிருந்த தோள்கள் இறங்கின. முகத்தில் ஒரு தெளிவு. மங்கையர்க்கரசி திரும்பியபோது அதைப் பார்த்துவிட்டார். செல்லக்கிளி சிரித்த அன்று அவள் முகத்திலும் இதே தெளிவுதான் இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் அடிகள்.

"பாத்தேன்."

"வரும்னு நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு, உள்ள போகலை. தெரியாதுன்னீங்க பாருங்க, மனசு ஓடிப்போய் அதுல ஒதுங்கிக்கிச்சு. வீடு வாசல் வேண்டாம்னு வந்தவன் நான். குடும்பம் குட்டியோட இருக்கற செல்லக்கிளிகிட்ட நீங்க என்ன எதிர்பாக்கறீங்க?"

மங்கையர்க்கரசிக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது. சரியாக அளந்து, உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும் என்று நம்பியே அவர் ஆயுளைக் கழித்திருந்தார்.

மோட்டாரை நிறுத்திவிட்டு மேஸ்திரி மேலே ஏறி வந்தார்.

"தண்ணி வத்திருச்சு சாமி. அடியில ஊறிக்கிட்டேதான் இருக்கு. ஊத்தறதுன்னா இப்பவே கான்கிரீட்டை ஊத்திரணும். ஊத்தலாமா?"

அடிகள் பள்ளத்துக்குள் பார்த்தார். கம்பிகளுக்கு அடியில் மண் கறுத்து நனைந்துகொண்டிருந்தது. மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்து நின்றார்.

"அவருக்குப் பதில் சொல்லுங்க சாமி," என்றார் மங்கையர்க்கரசி. "நீங்களாவது நிச்சயமாச் சொல்லுங்க."

அடிகள் தணிந்த குரலில் சொன்னார்:

"எனக்கும் தெரியலைன்னு சொல்லத்தாம்மா வாய் வருது."