ஆகிரி கேட்ட வீடு

"என்னைப் பத்தி உங்ககிட்ட யார் சொன்னது?"

வந்ததும் வராததுமாக அமிர்தவல்லி இப்படித்தான் கேட்டாள். கும்பிடக்கூட இல்லை.

சாவடியம்மா தலையைத் தூக்கவில்லை. கிழிந்த புத்தகம் ஒன்றுக்கு மைதாப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தாளைக் கொஞ்சம் பிடிங்கக்கா," என்றாள்.

அமிர்தம் பிடித்தாள். கோபத்தோடுதான் பிடித்தாள்.

ஆற்றங்கரையில் பாழாய்க் கிடந்த பழைய சாவடியில் அந்த அம்மா வந்து தங்கி நாலைந்து வருஷம் இருக்கும். வயதில் அமிர்தத்தைவிட இளையவள். எல்லாரும் அவளை அம்மா என்பார்கள். அவள் எல்லாரையும் அக்கா, அண்ணே என்பாள். உபதேசம் எதுவும் செய்யமாட்டாள். அவளிடம் ஒரு பெரிய தகரப் பெட்டி இருந்தது. நல்ல புத்தகம், நல்ல சங்கீதக் கேசட் என்று வீட்டில் படித்து முடித்ததையும் கேட்டு முடித்ததையும் ஜனங்கள் கொண்டுவந்து அதில் போடுவார்கள். மனசு சரியில்லை என்று வருகிறவர்களுக்கு அதிலிருந்து ஒரு புத்தகமும் ஒரு கேசட்டும் எடுத்துக் கொடுப்பாள். வீட்டில் வைத்துப் படியுங்கள், கேளுங்கள் என்பாள். அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை அமிர்தமும் அப்படித்தான் வாங்கிப் போனாள்.

இப்போது அந்த இரண்டையும் பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்று சொல்லலாம்.

"இதைப் பாருங்கம்மா. நல்லாப் பாருங்க."

புத்தகத்தின் அட்டையில் ஒரு வாய் வரைந்திருந்தது. வாய்க்குப் பூட்டு. மேலே பெரிய எழுத்தில் 'பிறர் குறை பேசாதிருப்போம்' என்று போட்டிருந்தது.

"நல்ல புத்தகம்," என்றாள் சாவடியம்மா.

"நல்ல புத்தகந்தான். எனக்கு எதுக்கு?"

சாவடியம்மா பசையைக் குழைத்தாள்.

"சுலோச்சனாவுக்கு என்ன கொடுத்தீங்க? அட்டையில பறவை போட்ட புத்தகம். அவளுக்குப் பறவை, எனக்குப் பூட்டா?"

சுலோச்சனா அமிர்தத்தின் ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. எட்டு வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு.

"எனக்கு முன்னாடி, வியாழக்கிழமையே அவ இங்க வந்திருக்கா. பூக்காரம்மா பாத்திருக்காங்க. இல்லேன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"வந்தாங்க."

"ஆங்! வந்து என்னைப் பத்திக் கோள் மூட்டியிருக்கா. அக்கா வாய்க்காரி, ஊரெல்லாம் என்னைப் பத்திப் பேசறான்னு சொல்லியிருப்பா. நீங்களும் பூட்டைத் தூக்கி எனக்குக் கொடுத்துட்டீங்க."

"போன வெள்ளிக்கிழமை நீங்க வந்தப்ப அவங்களைப் பத்திப் பேசினீங்களே."

"அது வேறம்மா. அது ஆதங்கம். மனசு தாங்காம உங்ககிட்ட கொட்டினேன். அவ பேசறது கோள்."

சாவடியம்மா தாளை ஒட்டி, விரலால் நீவிவிட்டாள்.

"அடுத்த தாளைப் பிடிங்க," என்றாள்.

"புத்தகம்கூடப் போகட்டும்மா. இந்தக் கேசட் இருக்கே!"

"அதுக்கு என்ன?"

"என்னவா? ஆகிரிம்மா, ஆகிரி! இதுவும் அவ வேலைதான்."

அமிர்தத்தின் அப்பா தவில்காரர். பள்ளிக்கூடத்தில் அவள் படித்தது கொஞ்சம். வீட்டில் காதால் படித்தது நிறைய. நாகஸ்வரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தால் இன்ன ராகம் என்று சொல்லிவிடுவாள். ஆகிரியைக் காலையில் வாசித்தாலும் கேட்டாலும் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று மேளக்காரர்கள் சொல்வார்கள். அவள் அப்பா அந்த ராகத்தின் பேரைச் சொல்வதற்கே சாயங்காலம் ஆகட்டும் என்பார்.

"சனிக்கிழமை காலையில, குளிச்சிட்டு, விளக்கேத்தி, ஆசையாப் போட்டேன். நாகஸ்வரம். எங்கப்பா போனப்புறம் வீட்டுல நாகஸ்வரமே கேக்கலைம்மா. முதல்ல உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அப்புறம் பாத்தா, ஆகிரி! பட்டுனு நிறுத்திட்டேன்."

"நின்னுடுச்சா?"

"கேசட்டு நின்னுடுச்சு. ராகம் காதுல விழுந்தது விழுந்ததுதானே?"

"அன்னைக்குச் சோறு கிடைக்கலையா?"

"கிடைக்கலை!" என்றாள் அமிர்தம். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"அரிசி இல்லையா?"

"அரிசி இருந்துச்சு."

"காஸ் தீர்ந்துபோச்சா?"

"அதெல்லாம் இருந்துச்சு. உலை வைக்கலை."

"யாரு வைக்கலை?"

அமிர்தம் பசைக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு என் முறை," என்றாள். "கோவத்துல படுத்துட்டேன்."

"ஓ."

"அதுவும் ஆகிரியாலதானேம்மா?"

"அப்ப எல்லாரும் பட்டினியா?"

"அவ உப்புமா கிண்டிப் போட்டா. எனக்கும் ஒரு தட்டுல வச்சு மூடியிருந்தா. நான் தொடலை."

"ஏன்க்கா?"

"அதுல என்ன போட்டாளோ!"

சாவடியம்மா சிரிக்கவில்லை. அமிர்தம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிக்கிறாளா என்று.

"சரிக்கா. உங்க வீட்டுல சோறு இல்லாம போகணும்னு அவங்க நெனச்சா, அவங்களும் அதே பானையில சாப்பிடறவங்கதானே?"

இதை அமிர்தம் யோசித்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"தனி அடுப்புக்கு அடி போடறா," என்றாள். "நானும் முடிவு பண்ணிட்டேன். நாளைக்குக் காலையில கொத்தனார் வரார். கூடத்துக்குக் குறுக்கே சுவர். செங்கல் வந்து இறங்கியாச்சு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வாயே திறக்கலை. பிள்ளைங்கதான் செங்கல் மேல ஏறி விளையாடிக்கிட்டிருக்கு, ஒண்ணும் புரியாம."

சாவடியம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து போய்த் தகரப் பெட்டியை இழுத்துவந்து அமிர்தத்தின் முன்னால் வைத்தாள். மூடியைத் திறந்தாள்.

"எடுங்க."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா. வாங்கினதே போதும்."

"உங்களுக்கு இல்ல. சுலோச்சனாவுக்கு."

"அவளுக்கா? நானா? எதுக்கு?"

"எட்டு வருஷம் ஒரு அடுப்புல சமைச்சிருக்கீங்க. சுவர் வச்சப்புறம் கொடுக்கத் தோணாது. இன்னைக்கே ஒரு புத்தகம், ஒரு கேசட் எடுத்துட்டுப் போய்க் கொடுத்துடுங்க. வீட்டுல வச்சு சந்தோஷமாப் படிக்கட்டும், கேக்கட்டும்."

இதில் ஏதோ இருக்கிறது என்று அமிர்தத்துக்குப் பட்டது. என்ன என்றுதான் தெரியவில்லை. இருந்தாலும் அம்மா சொல்லி எப்படி மாட்டேன் என்பது? பெட்டிக்குள் கையை விட்டாள்.

முதலில் வந்தது 'பொறுத்துப் போகும் கலை'.

"இது வேண்டாம். எனக்குப் பொறுமை இல்லேன்னு சொல்லிக் காட்டறியான்னு கேப்பா."

அடுத்தது 'முகத்தில் ஒரு மலர்ச்சி'.

"நான் சிடுமூஞ்சியான்னு கேப்பா."

'குழந்தைகளை நல்லபடி வளர்க்க' என்று ஒன்று வந்தது. அதைப் பார்த்ததும் அவளே அடியில் தள்ளிவிட்டாள்.

"ஐயையோ, இதைக் கொடுத்தா சுவரு இல்ல, கோட்டையே கட்டணும்."

கனமாக ஒரு புத்தகம். பெரியவர் ஒருவர் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்த கதை.

"இது?" என்றாள் சாவடியம்மா.

"அவங்க அப்பா முன்னுக்கு வராதவர். குத்திக் காட்டறேன்னு நெனப்பா."

'சிக்கனமும் சந்தோஷமும்'. வேண்டாம். 'கோபம் என்னும் நெருப்பு'. வேண்டவே வேண்டாம். ஒரு புத்தகத்துக்கு அட்டையே இல்லை. பேர் தெரியவில்லை. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பினாள்.

"அட்டையைக் கிழிச்சுட்டுக் கொடுத்திருக்கா, பேர்ல என்ன இருந்துச்சோன்னு ராத்திரியெல்லாம் யோசிப்பா," என்று சொல்லிக் கீழே வைத்தாள்.

"எல்லாம் நல்ல புத்தகம்தானேக்கா?"

"புத்தகம் நல்லதுதாம்மா. கொடுக்கறது நான்னு அவளுக்குத் தெரியுமே. கொடுத்தவளை நெனச்சுக்கிட்டுத்தானே படிப்பா?"

சொல்லிவிட்டு அமிர்தம் சட்டென்று சாவடியம்மாவைப் பார்த்தாள். சாவடியம்மா பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேசட் எடுங்க," என்றாள். "அதுக்கு அட்டையில உபதேசம் ஒண்ணும் எழுதியிருக்காது."

கேசட்டுகள் ஒரு பக்கமாக அடுக்கியிருந்தன. வீணை, புல்லாங்குழல், வயலின், வாய்ப்பாட்டு. அமிர்தத்துக்கு இது சுலபம். வாசித்தவர் பேரைப் படித்தாலே காதில் கேட்கும். ஒவ்வொன்றாக எடுத்தாள். வைத்தாள். மறுபடியும் எடுத்தாள்.

"என்னக்கா, இதுலயும் ஏதாவது குத்தமா?"

"குத்தம் ஒண்ணும் இல்ல. அவளுக்கு எது பிடிக்கும்னு தெரியலை."

"எட்டு வருஷமாச்சே."

"அவ பாட்டு கேட்டு நான் பாத்ததில்லையே."

"பாடவும் மாட்டாங்களா?"

"பாடவா? பாத்திரம் தேய்க்கிறப்ப, மாவு அரைக்கிறப்ப ஏதாவது முணுமுணுத்துக்கிட்டே இருப்பா."

"என்ன பாட்டு?"

அமிர்தத்தின் கை பெட்டிக்குள்ளேயே இருந்தது.

"பாட்டா?" என்றாள் மெதுவாக. "என்னைத் திட்டறான்னுல்ல நெனச்சேன்."

ஆற்றில் யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தம் கேட்டது.

பிறகு அமிர்தத்துக்கு ரோஷம் வந்தது. கையை வெளியே எடுத்தாள்.

"சரிம்மா. எனக்குத் தெரியலை. எனக்கு என்ன பிடிக்கும்னு மட்டும் அவளுக்குத் தெரியுமா? அதைக் கேளுங்க."

"தெரியும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"வியாழக்கிழமை இதே பெட்டி முன்னாலதான் உக்காந்திருந்தாங்க. எங்கக்கா தவில்காரர் பொண்ணு, எங்க வீட்டுல எப்பவும் டி.வி. சத்தம்தான், பாவம் நாகஸ்வரம் கேட்டு எத்தனை வருஷமாச்சோன்னாங்க. ரொம்ப நேரம் துழாவி அந்தக் கேசட்டை எடுத்தாங்க."

அமிர்தம் தரையில் கிடந்த கேசட்டைப் பார்த்தாள்.

"அப்ப அவளே கொடுத்திருக்கலாமே."

"நான் கொடுத்தா வாங்கமாட்டாங்க, நீங்க கொடுக்கற மாதிரி கொடுத்துடுங்கன்னாங்க."

அமிர்தத்தின் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனாலும் ஒரு முள் பாக்கி இருந்தது.

"ஆகிரின்னு தெரிஞ்சேதான்…"

"அவங்களுக்கு ராகம் தெரியுமா?"

"தெரியாது. தவிலுக்கும் மிருதங்கத்துக்குமே வித்தியாசம் தெரியாது அவளுக்கு."

"எனக்கும் ஆகிரின்னு நீங்க சொல்லித்தான் தெரியும்."

அமிர்தம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கேசட்டை எடுத்து, மேலே ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"வேற என்ன சொன்னா என்னைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே சொல்லலை."

"அப்ப அந்தப் புத்தகம்? அதையும் அவதானே எடுத்துக் கொடுத்தா?"

"இல்லக்கா. அது நான் எடுத்தது."

"நீங்களா? என்னைப் பத்தி உங்களுக்கு யாரும்மா…"

வாய் பாதியில் நின்றுவிட்டது.

சாவடியம்மா அடுத்த தாளுக்குப் பசை தடவ ஆரம்பித்திருந்தாள்.

அமிர்தம் எழுந்தாள். கேசட்டைப் பையில் போட்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அந்தப் புத்தகத்தையும் எடுத்து, அட்டை தெரியாதபடி இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

கரையேறி வந்தால் வலது பக்கம் அவள் வீடு. இடது பக்கத் தெருவில் கொத்தனார் வீடு.

அவள் இடது பக்கம் திரும்பி, வேகமாக நடந்தாள்.